இரவு 2 மணி வரை போனோடு இருக்கும் மகன்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி:

நாங்கள் பாலையூற்றில் இருக்கிறோம். கணவர் 4 வருசமாகக் கட்டாரில் கட்டட வேலை. மகனுக்கு 15 வயது, தரம் 10. வாற வருசம் ஓ.எல். சின்ன வகுப்புகளில் எப்பவும் முதல் ஐந்து பேருக்குள் வந்தவன். போன தவணைப் பரீட்சையில் கணிதம் 41, விஞ்ஞானம் 38. என்னிடம் இருப்பது பட்டன் போன். கணவர் வாங்கி அனுப்பின பெரிய போன் மகனிடம்தான் இருக்கும். இரவு 10.30க்கு அவர் வட்ஸ்அப்பில் எடுப்பார். கதைத்து முடிய நான் படுத்துவிடுவேன், விடிய 4.30க்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்க வேணும். அவன் டிக்டொக், இன்ஸ்டகிராம் என்று 1 மணி, 2 மணி வரை முழித்திருக்கிறான். காலமை எழுப்பினால் சீறி விழுகிறான். போன மாதம் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கி எறிந்தான். வகுப்புப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குரூப்பில் ஒரு ரீச்சரின் படத்தை வைத்து ஸ்டிக்கர் செய்து போட்டிருக்கிறான். அதிபர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது தலை குனிந்து நின்றேன். போனை ஒளித்து வைத்தேன். 2 நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. "நோட்ஸ் எல்லாம் அதிலதான் வருது" என்கிறான். என் அண்ணா போனை உடைத்துப் போட்டு ரெண்டு அடி போடச் சொல்கிறார். கணவர் "அவனோட சண்டை பிடியாதே" என்கிறார். சின்ன மகள் தரம் 3. அவளும் யூடியூப் இல்லாமல் சாப்பிட மாட்டாள். நான் யார் சொல்வதைக் கேட்பது?

– ஒரு தாய், பாலையூற்று, திருகோணமலை

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

போனை உடைக்கவும் வேண்டாம், பிள்ளைக்கு அடிக்கவும் வேண்டாம். 15 வயதுப் பெடியனுக்கு அடித்தால் அடிதான் மனதில் நிற்கும், எதற்கு அடித்தார்கள் என்பது நிற்காது. அந்தப் போனை உடைத்தால் அதோடு தகப்பனின் குரலும் முகமும் வீட்டை விட்டுப் போகும். 4 வருசமாக அவன் அப்பாவைக் கண்டது அந்தச் சின்னத் திரையில்தான். அதனால்தான் நீங்கள் ஒளித்து வைத்தபோது அவ்வளவு கடுமையாக நின்றிருக்கிறான் என்று நினைக்கிறேன். டிக்டொக் போன கோபம் பாதி என்றால், மீதிப் பாதி அப்பாவோடு இருந்த தொடர்பு அறுந்த கோபம். உங்கள் அண்ணாவில் எனக்குக் குறை இல்லை. தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் தாய்மாமன் பொறுப்போடு முன்னுக்கு வருவது பெரிய காரியம். அவருக்கு வேறொரு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் புள்ளி, ஸ்டிக்கர், கோப்பை எல்லாவற்றுக்கும் முன்னதாக என் கண்ணில் பட்டது நேரக் கணக்கு. இரவு 10.30க்கு அழைப்பு. 1 மணி, 2 மணி வரை விழிப்பு. பாடசாலை மணி 7.30க்கு அடிக்கும், பாலையூற்றிலிருந்து வெளிக்கிட்டு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் 6 மணிக்காவது எழும்ப வேண்டும். அப்படியென்றால் பிள்ளை கொள்ளும் நித்திரை 4 மணித்தியாலம், மிஞ்சினால் 5. 13 வயதிலிருந்து 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை கூட்டிப் பாருங்கள். கிழமைக்குக் கிழமை 15 மணித்தியாலம் நித்திரை குறைந்தபடி உங்கள் மகன் கணிதம் படிக்கப் போய்க்கொண்டிருக்கிறான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பகலில் படித்தது மூளையில் பதிந்து நிலைப்பது இரவு நித்திரையில்தான். நித்திரை குறைந்த பிள்ளைக்கு இரண்டு பக்கமும் நட்டம். காலமை முதல் பாடத்தில் கண் திறந்திருக்கும், காதில் ஒன்றும் ஏறாது. ஏறிய கொஞ்சமும் அன்றிரவு தங்காது. கணிதமும் விஞ்ஞானமும் முதலில் விழுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். வரலாறு, சமயம் போன்ற பாடங்களைப் பரீட்சைக்கு முந்தின நாள் வாசித்து ஓரளவு சமாளிக்கலாம். கணிதத்தில் நேற்றைய பாடம் விளங்கியிருந்தால்தான் இன்றைய பாடம் விளங்கும்.

கோபமும் அப்படித்தான். ஆத்திரத்தை அடக்கிப் பிடிக்கும் மூளைப் பகுதி 20 வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. இந்த வயதில் இயல்பாகவே பிடி தளர்வு. நித்திரையும் இல்லையென்றால் இன்னும் தளரும். ஆகவே உங்கள் மகன் கெட்டுப்போய்விட்டான் என்ற முடிவுக்கு இப்போதே வராதீர்கள். முதலில் நித்திரையைச் சரி செய்து 3 கிழமை பாருங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சி நிற்கும் கோபம் எவ்வளவோ, அதற்குத்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

அந்த இரவு எப்படி உண்டானது என்று பாருங்கள். கட்டார் நேரம் எங்கள் நேரத்தை விட இரண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. உங்கள் கணவர் வேலை முடித்து, குளித்து, சாப்பிட்டு அங்கே 8 மணிக்குப் போனைக் கையில் எடுக்கும்போது பாலையூற்றில் 10.30. நித்திரைக்குப் போக வேண்டிய நேரத்தில் வீட்டின் மிக முக்கியமான அழைப்பு வருகிறது. போன் பிள்ளையின் கையில் வெளிச்சமாக இருக்கிறது. நீங்கள் விடியப்புறம் எழும்ப வேண்டியவர், படுத்துவிடுகிறீர்கள். அதோடு இன்னொன்றையும் பாருங்கள். சில டேட்டா பொதிகளில் பகலுக்கு ஒரு பங்கும் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு பங்குமாகப் பிரித்துத் தருவார்கள். பகல் பங்கு முடிந்த பிள்ளை 12 மணிக்காகக் காத்திருப்பான். மகன் போடும் பொதி எது என்று கேளுங்கள். நைட் டேட்டா இருக்கும் பொதியாக இருந்தால், அடுத்த ரீலோடிலேயே அதை மாற்றிப் பகலில் மட்டும் பாவிக்கக்கூடியதைப் போடுங்கள். விலை சிறிது கூடினாலும் பரவாயில்லை.

அழைப்பு நேரத்தை மாற்றுவது பற்றிக் கணவரோடு கதையுங்கள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் 12 மணி என்றால் இங்கே பின்னேரம் 2.30. மகன் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டு, ரியூசனுக்குப் போகுமுன் அப்பாவோடு 10 நிமிடம் கதைக்கலாம். ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை கட்டாரில் வெயில் காரணமாகக் காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை வெளிவேலை தடை. அது எங்கள் நேரத்தில் 12.30 முதல் 6 மணி வரை. அவருக்கு வெளிவேலை என்றால் அந்த மாதங்களில் நேரம் கண்டுபிடிப்பது இன்னும் சுகம். வெள்ளிக்கிழமை அங்கே பொதுவாக லீவு. அன்று ஆறுதலாக, வீட்டார் எல்லோரும் இருந்து கதையுங்கள். நாள்தோறும் இரவு பத்தரைக்குத்தான் முடியும் என்றால், பிள்ளைகள் நித்திரைக்குப் போன பிறகு உங்களோடு மட்டும் கதைக்கட்டும். மகனுக்குப் பகலில் ஒரு குரல் பதிவு அனுப்பினால் போதும். அது அவனுக்கு எவ்வளவு பெறுமதியானது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்தது, அவன் ஏன் நிறுத்துகிறான் இல்லை என்பது. "மனக்கட்டுப்பாடு இல்லாத பிள்ளை" என்று ஏசாதீர்கள். துறைமுகப் பக்கம் தூண்டில் போட்டுக்கொண்டு இருப்பவர்களைப் பாருங்கள். போட்ட உடனேயே ஒவ்வொரு முறையும் மீன் கடித்தால் அரை மணித்தியாலத்தில் அலுத்துவிடும். ஒன்றுமே கடிக்காவிட்டாலும் எழும்பிப் போய்விடுவார்கள். எப்போது கடிக்கும் என்று தெரியாததுதான் ஆளை இருத்தி வைக்கிறது. டிக்டொக், ரீல்ஸ் எல்லாம் அப்படி ஓடும்படி செய்யப்பட்டவை. நாலு வீடியோ சப்பென்று இருக்கும், ஐந்தாவது சிரிக்க வைக்கும். எந்த வீடியோவில் பிள்ளை எத்தனை நொடி நின்றான் என்பதை அது கணக்கு வைத்து, அடுத்ததை அதற்கேற்றபடி போடும். விரலால் தள்ளத் தள்ள முடிவே வராது. பெரிய பொறியியலாளர்கள் இருந்து செய்த ஒன்றோடு 15 வயதுப் பிள்ளை இரவு 12 மணிக்குத் தனியாக மல்லுக்கட்டுகிறான். தோற்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த இடத்தில் பெற்றோர் பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். மகன் கணக்குத் திறந்தபோது என்ன பிறந்த திகதி கொடுத்தான் என்று கேளுங்கள். 13 வயதுக்குக் குறைந்தவர்களை இந்தச் செயலிகள் சேர்ப்பதில்லை என்பதால், 10, 11 வயதில் சேரும் பிள்ளைகள் பிறந்த ஆண்டைக் கூட்டிப் போடுவது வழக்கம். அப்படிச் செய்திருந்தால் டிக்டொக்கைப் பொறுத்தவரை உங்கள் மகன் இப்போது வளர்ந்த ஆள். 15 வயதுப் பிள்ளைக்கென்று அவர்கள் வைத்திருக்கும் காப்பு ஒன்றும் அவனுக்கு வேலை செய்யாது. சரியான வயது கொடுத்திருந்தால் டிக்டொக்கில் இரவு 9 மணிக்குப் பிறகு அறிவித்தல் வராது; முன்பின் தெரியாதவர்கள் தனிச் செய்தி அனுப்ப முடியாது; 60 நிமிடம் ஆனதும் திரை நின்று, கடவு எண்ணைப் போட்டால்தான் தொடரும். இன்ஸ்டகிராமிலும் பதின்ம வயதினருக்கென்று 2024இல் கொண்டுவந்த கணக்கு முறையில் இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணி வரை அறிவித்தல்கள் அடங்கிவிடும். அவனோடு பக்கத்தில் இருந்து பார்த்து, வயது பிழையாக இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். திருத்த முடியாவிட்டால் பழைய கணக்கை மூடிப் புதிதாகத் திறக்கலாம். பின்தொடர்பவர்கள் போய்விடுவார்கள் என்று முகம் சுருங்கும். அது அவனுக்கு உண்மையான இழப்புத்தான், சிரிக்காதீர்கள்.

"நோட்ஸ் அதிலதான் வருது" என்பது பொய் இல்லை. 2020இல் கொரோனாவோடு பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டபோது வட்ஸ்அப்புக்குப் போன பாடக்குறிப்புகள் பல வகுப்புகளில் இன்னும் அங்கேயே நிற்கின்றன. ரியூசன் மாஸ்டர்மாரும் படம் எடுத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் மகனின் போனில் கலரியைத் திறந்து, நோட்ஸ் படங்கள் எத்தனை இருக்கின்றன, அதில் எத்தனை கொப்பியில் ஏறியிருக்கின்றன என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். நான் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குப் படம் வந்து சேர்ந்ததே படித்து முடித்த மாதிரி ஒரு திருப்தியைக் கொடுத்துவிடுகிறது. பின்னேரம் 5.30 முதல் 6.30 வரை போன் படிப்புக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் குறிப்புகளை எடுத்துக் கையால் கொப்பியில் எழுதட்டும். நீளமானதை, கிழமைக்கு ஒரு தரம் சந்தியில் இருக்கும் கொமியூனிகேஷனில் கொடுத்துப் பிரின்ட் எடுக்கலாம். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: இரவு 7 மணிக்குப் பிறகு வரும் குறிப்பை மகன் அடுத்த நாள்தான் பார்ப்பான் என்று.

6.30க்குப் பிறகு படிக்கும்போது போன் அவன் இருக்கும் அறையில் இருக்கக் கூடாது. கவிழ்த்து வைத்தாலும், சத்தத்தை நிறுத்தினாலும் போதாது. ஒரு தரம் கவனம் சிதறினால் திரும்பப் பாடத்தில் முழுதாக ஊன்ற 20 நிமிடம் வரை எடுக்கலாம் என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை சொல்கிறது. ஒரு மணித்தியாலத்தில் மூன்று முறை "சும்மா ஒருக்கா" எடுத்துப் பார்த்தால் அந்த மணித்தியாலம் போன மாதிரித்தான்.

யூடியூப்பில் கணிதப் பாடம் பார்ப்பதைத் தடுக்க வேண்டாம். நல்ல தமிழ்ப் பாடங்கள் இருக்கின்றன, ரியூசனுக்குக் காசு இல்லாத பிள்ளைகளுக்கு அவை பெரிய உதவி. ஆனால் பார்க்கும்போது எல்லாம் விளங்கிய மாதிரி இருக்கும். வினாத்தாளில் கேட்டால் கை ஓடாது. வீடியோ முடிந்ததும் போனைத் தூர வைத்துவிட்டு, கடந்த கால வினாத்தாளில் அதே பகுதியில் இரண்டு கணக்கைக் குறிப்புப் பார்க்காமல் செய்யட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதை விட மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்து எழுதுவதே நாட்கணக்கில் தங்கும் என்பதை 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் மாணவர்களை வைத்தே செய்து காட்டினார்கள். கணிதம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "இண்டைக்குச் செய்த ரெண்டு கணக்கைக் காட்டு மகன்" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

சமூக ஊடகம் என்றாலே பிள்ளை நாசம் என்று மேடைகளில் பேசுவதைக் கேட்டு நீங்கள் பயந்திருக்கலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆய்வுகள் இரண்டு விதமாகவும் இருக்கின்றன. 2019இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 3 லட்சத்து 55 ஆயிரத்துக்கு மேற்பட்ட இளம் பிள்ளைகளின் தரவுகளைப் பார்த்தபோது, பிள்ளைகளின் மனநலத்தில் உள்ள வேறுபாட்டில் திரைப் பாவனையோடு சேர்த்துச் சொல்லக்கூடியது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்று கண்டார்கள். 2023இல் அமெரிக்காவின் தலைமைப் பொதுச் சுகாதார வைத்தியர் வெளியிட்ட எச்சரிக்கையோ, நாளுக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றின் ஆபத்து இரு மடங்கு என்றது. அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கையே தடுத்துவிட்டது. இவற்றை வைத்து நான் விளங்கிக்கொள்வது, எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால் தாக்கம் சின்னதாகத் தெரியும் என்பது. நித்திரையைப் பறிகொடுத்த பிள்ளை, கதைக்க ஆளில்லாத பிள்ளை, குரூப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளை என்று பிரித்துப் பார்த்தால் அது சின்னதாக இல்லை. உங்கள் மகன் முதல் வகையில் இருப்பது நிச்சயம். இரண்டாவதிலும் இருக்கிறானோ என்று யோசியுங்கள்.

ஸ்டிக்கர் விசயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. அந்த ரீச்சர் அடுத்த நாளும் அதே வகுப்புக்குள் போய், சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கும் பிள்ளைகளின் முன் நின்று படிப்பித்திருப்பார். மகன் அதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்திருக்க மாட்டான். குரூப்பில் படம் போட்டதும் சிரிப்புக் குறிகள் வரிசையாக விழும், அடுத்தவன் அதைவிடப் பெரிதாக ஒன்று செய்வான். முகத்துக்கு முன்னால் யாரும் சொல்லத் துணியாததை அங்கே எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். ஏச்சை விட இங்கே மன்னிப்புத்தான் பிள்ளையைத் திருத்தும். வட்ஸ்அப்பில் "சொரி மிஸ்" என்று அனுப்புவது கணக்கில் வராது. அவன் நேரில் போக வேண்டும். தானே போட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். குரூப்பில் இருந்து அழித்துவிட்டேன், மற்றவர்களையும் அழிக்கச் சொன்னேன் என்று சொல்லக்கூடிய நிலையில் போக வேண்டும். கூடப் போவதற்கு உங்கள் அண்ணாதான் பொருத்தமான ஆள். அடிப்பதற்கு வைத்திருந்த அக்கறையை, மருமகனுக்குப் பக்கத்தில் நிற்பதற்குத் தரச் சொல்லுங்கள். மாமா பேசத் தேவையில்லை, கதவடியில் நின்றால் போதும்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிழமைக்கு இரண்டு பின்னேரம் மருமகனை வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மக்கெய்சர் மைதானமோ, டச் பே கடற்கரையில் நடக்கும் பந்தடியோ எதுவானாலும் சரி. உடம்பு களைத்த பிள்ளைக்கு 10 மணிக்கு நித்திரை வரும். ஓடி விளையாடாத பிள்ளையிடம் போனை வாங்கி வைத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அப்பா ஊரில் இல்லாத பெடியன், மனம் விட்டுக் கதைக்க ஒரு ஆம்பிளையைத் தேடுகிற வயதும் இதுதான்.

இனி மகனோடு எப்படிக் கதைப்பது. காலமை எழுப்பும்போது வேண்டாம், இரவு போன் கையில் இருக்கும்போது அறவே வேண்டாம். கணவர் லீவில் இருக்கும் வெள்ளிக்கிழமை பின்னேரம், அவரை லவுட்ஸ்பீக்கரில் வைத்து மூன்று பேருமாகக் கதையுங்கள். அவர் அங்கே "சண்டை பிடியாதே" என்பதும் நீங்கள் இங்கே போனை ஒளிப்பதும் பிள்ளைக்கு இரண்டு வாசல் திறந்து விடுகிறது. முதலில் நீங்கள் இருவரும் ஒரு சொல்லில் நில்லுங்கள். புள்ளியில் தொடங்க வேண்டாம். "நீ நித்திரை கொள்ளாமல் இருக்கிறது எனக்குப் பயமா இருக்கு மகன்" என்று தொடங்குங்கள். போன் செட்டிங்கில் டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதி பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களில் இருக்கிறது. நேற்று எத்தனை மணித்தியாலம், எத்தனை தரம் திறந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதைத் திறக்குமுன், எவ்வளவு இருக்கும் என்று அவனையே ஒரு கணக்குச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு திறந்து பார்க்கட்டும். நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். பெரும்பாலும் பிள்ளைகள் தாங்களே திகைத்துப் போவார்கள்.

கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரவு 9.30க்குப் போன் உங்கள் அறைக்கு வர வேண்டும், சார்ஜரும் அங்கேயே இருக்கும். மற்ற நேரங்களை அவனே எழுதித் தரட்டும், நீங்கள் திருத்துங்கள். "அலாரம் வைக்கப் போன் வேணும்" என்பான். ஒரு சின்ன அலாரம் மணிக்கூடு வாங்கி முதலே தயாராக வைத்திருங்கள். 9 மணிக்கே படு என்று நெருக்க வேண்டாம். பருவ வயதில் உடம்பின் நித்திரை நேரம் தானாகவே பின்தள்ளிப் போகும், அந்த நேரத்தில் உண்மையாகவே நித்திரை வராது. 10 மணிக்கு விளக்கை அணைத்தால் நல்லது. முதல் நாலைந்து இரவு சிரமம். புரளுவான், ஏசுவான், "எல்லாரும் ஒன்லைனில இருக்கிறாங்கள், நான் மட்டும் இல்லை" என்பான். இரவில் அவனோடு வாதாட வேண்டாம். "நாளைக்குப் பின்னேரம் கதைப்பம்" என்று சொல்லி, நாளைக்குப் பின்னேரம் உண்மையிலேயே கதையுங்கள். ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு என்று நினைக்காதீர்கள், அடுத்த நாள் அதே 9.30க்குக் கேளுங்கள்.

ஒரு விசயத்தைத் தனியாக, ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள். போனைக் கையை விட்டு விடாமல் வைத்திருப்பதற்குப் பயமும் காரணமாக இருக்கலாம். பொம்பிளைப் பிள்ளையின் பெயரில் கதைத்துப் பழகி, படம் வாங்கிவிட்டு, காசு கேட்டு மிரட்டும் கூட்டங்கள் இருக்கின்றன. ஆம்பிளைப் பிள்ளைகளும் இதில் மாட்டுகிறார்கள், வெட்கத்தால் வீட்டில் சொல்வதில்லை. "ஆராவது உன்னை வெருட்டுறாங்களோ? என்ன நடந்திருந்தாலும் நான் ஏச மாட்டன்" என்று கேளுங்கள். ஏச மாட்டேன் என்று சொன்னால் ஏசாதீர்கள். அப்படி ஏதும் இருந்தால் காசு அனுப்ப வேண்டாம், செய்திகளை அழிக்கவும் வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள்.

3 கிழமை நித்திரை சீரான பிறகும் பிள்ளை ஒருவரோடும் கதையாமல், சாப்பாடு குறைந்து, விளையாட்டும் பிடிக்காமல் இருந்தாலோ, பொருட்களை எறிவது தொடர்ந்தாலோ திருகோணமலை பொது வைத்தியசாலையில் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சாவைப் பற்றிக் கதைத்தாலோ, தன் உடம்பில் காயப்படுத்தினாலோ 3 கிழமை பார்க்கத் தேவையில்லை, அன்றைக்கே போங்கள். இரவு நேரமானால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். அயலவர் என்ன சொல்வார்கள் என்று பின்நிற்காதீர்கள்.

உங்களையும் கேட்க வேண்டும். அழைப்பு முடிந்து 11 மணிக்குப் படுத்து 4.30க்கு எழும்பும் உங்களுக்கும் நித்திரை ஐந்தரை மணித்தியாலம்தான். அழைப்பு பின்னேரத்துக்கு மாறினால் அது முதலில் உங்களுக்கு ஆறுதல். களைத்துப்போன தாயும் நித்திரை இல்லாத மகனும் காலை 6 மணிக்கு முகம் பார்த்தால் சண்டைதான் வரும், அதில் இருவர் மீதும் பிழை இல்லை.

சின்ன மகளின் விசயம் சுகம், அதை இந்தக் கிழமையே தொடங்கலாம். சாப்பாட்டு நேரத்தில் போன் இல்லை என்று ஒரே நாளில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் குறைவாகச் சாப்பிடுவாள், அழுவாள். ஆரோக்கியமான பிள்ளை அதனால் மெலிந்துவிடாது. கோப்பையைக் கையில் கொடுத்து நீங்களும் பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள், முடிந்தால் அவளின் அண்ணனையும் அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள். யூடியூப்பில் ஒரு வீடியோ முடிய அடுத்தது தானாக ஓடுவதை நிறுத்தும் தெரிவு இருக்கிறது. அதை எப்படி நிறுத்துவது என்று மகனிடம் கேளுங்கள். தங்கச்சிக்காகச் செய்து தருவான்.